மிக்-21 மாடலுக்குச் சாமான் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது, நாட் விமானத்துக்கு ஒரு பைலட் சீட்டுகூட ஏன் இல்லை?

சூலூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் இந்தப் பிளாஸ்டிக் மாடல் விமானத் தளத்துக்கு வந்து படித்துவிட்டுப் போகிற ஆள். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடம்பைப் பராமரிக்கிற வேலை) இருந்தவர். 1971 வாக்கில் மேற்கு வங்கத்துக் கலைக்குண்டா தளத்தில் 22வது ஸ்குவாட்ரனில், நாட் என்கிற குட்டிப் போர் விமானங்களோடு குடித்தனம் நடத்தியவர். ரிட்டையராகி ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் போரைப் பற்றிப் பேசியதே கிடையாது. நாட்டைப் பற்றி மட்டும் (விமானத்தைச் சொல்கிறேன்) கேட்டால் நிறுத்தமாட்டார். "அதுக்குத் தனியா ஏர்பிரேக்கே கெடையாது. சக்கரத்தைப் பாதி எறக்குனா அதுதான் பிரேக்கு" என்பார். அதில் ஏதாவது கழற்றி மாட்ட வேண்டுமென்றால் கை நுழையாதாம். ஒல்லிக் கையன் என்று இவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

தையில் அவருக்கு 75 முடிகிறது. அதற்குள் ஒரு நாட் கட்டி அவர் கையில் கொடுக்கணும்னு ஆசை. 1/72 அளவில் (நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) ஸ்பெஷல் ஹாபி கம்பெனியின் ஒற்றை இருக்கை நாட் கிட் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. வந்த கதையைத் தனியாகச் சொல்லலாம், சுங்கத்தில் பதினாறு நாள் தூங்கியது.

இதற்கு முன்னால் கட்டியது எடுவார்டு கம்பெனியின் மிக்-21, அதுவும் 1/72தான். அதற்குக் கூடுதல் சாமான் தேடினபோது எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ரெசின் காக்பிட், ரெசின் சக்கரம், எக்ஸாஸ்ட், கலர் அடித்த ஃபோட்டோ எட்ச் (அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு), பெயின்ட் படாமல் மறைக்கிற மாஸ்க், உலோகத்தில் கடைந்த பிட்டோ குழாய் (வேகம் அளக்கிற குழாய்), பத்து தேசத்து டிகால் (ஒட்டுப்படம்). எதை வாங்குவது எதை விடுவது என்றுதான் குழப்பம். இந்த நாட் விமானத்துக்குத் தேடினால் விரல்விட்டு எண்ணலாம், அந்த ஒன்றிரண்டும் "இருப்பு இல்லை". எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு நல்ல சீட்டு, காக்பிட்டின் கருவிப் பேனல், முடிந்தால் சக்கரம். அவ்வளவுதானுங்க.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் நாட் கிட்டுக்குச் சில சாமான் கண்ணில் படுகிறது. அதை வாங்கி இதில் போட்டுக்கலாமுங்களா? இல்லையென்றால், பாகிஸ்தானின் சாபர் ஜெட்டையே விரட்டின விமானத்துக்கு ஏன் இந்த நிலைமை என்றாவது யாராவது சொல்லுங்க.

*

எச்.ஏ.எல். காலனி எழுதியது:

வாங்காதீர்கள். ஏர்ஃபிக்ஸ் நாட் இரட்டை இருக்கை டி.1. இங்கிலாந்தின் ரெட் ஆரோஸ் விமான சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்தது அதில்தான். அவர்களுக்கு நாட் என்றால் சிவப்புப் பெயின்ட் அடித்த அந்தப் பயிற்சி விமானம்தான் ஞாபகம் வரும். நம்முடைய ஒற்றை இருக்கை எஃப்.1 அதைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் கம்மி, இறக்கையும் அரை மீட்டருக்கு மேல் சின்னது. 1/72ல் முறையே 13 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர். காக்பிட் தொட்டியே வேறு. பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணினால் இப்படித்தான் ஆகும்.

*

மேசைவிளக்கு எழுதியது:

நாட்டுக்கு உழைத்த நாட்டுக்கு நாட்டில் நாதியில்லை என்று நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். 1/72ல் இந்த விமானம் மூக்கிலிருந்து வால் வரை 12 சென்டிமீட்டர்தான். இறக்கை நுனிக்கு நுனி பத்துகூட வராது. காக்பிட் உங்கள் சுண்டுவிரல் நகம். கண்ணாடியை மூடிவிட்டால் உள்ளே தங்கமே வைத்தாலும் தெரியாது. மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருக்கிற அலுமினியத் தாளைக் கீறி பெல்ட் போடுங்கள், இன்சுலின் ஊசியை நறுக்கி பிட்டோ வையுங்கள், விளக்கில் காட்டி இழுத்த ஸ்ப்ரூவில் (கிட்டின் பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டம்) லீவர் செய்யுங்கள். எண்பதுகளில் நாங்கள் இதைத்தான் செய்தோம். ஆஃப்டர்மார்க்கெட் (கிட்டோடு வராமல் தனியாக விற்கிற சாமான்) என்ற வார்த்தையே அப்போது தெரியாது.

*

அம்பத்தூர் அச்சு எழுதியது:

தம்பி சூலூர், உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஏனென்றால் நீ தேடுகிற அந்தச் சீட்டை நான் செய்திருக்கிறேன். செய்து கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொன்னால் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.

எனக்குத் தொழில் பேட்டர்ன் செய்வது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படக் கம்பெனிகளுக்கு மரத்திலும் அலுமினியத்திலும் பேட்டர்ன் போட்டுக்கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிளாஸ்டிக் விமானம். 2014ல் எனக்கும் உன்னை மாதிரியே ரோஷம் வந்தது. "வெள்ளைக்காரன் செய்யாவிட்டால் என்ன, நாம் செய்வோம்" என்று உட்கார்ந்தேன்.

முதலில் மாஸ்டர், அதாவது மூல மாதிரி. நாட்டின் சீட்டு, ஆபத்தில் பைலட்டை வெளியே எறிகிற எஜெக்ஷன் சீட்டு. பல விமானங்களில் வருகிற மார்ட்டின்-பேக்கர் கம்பெனியுடையது இல்லை. நாட்டை உருவாக்கின ஃபாலண்ட் கம்பெனி, ஸ்வீடனின் சாப் கம்பெனி வழியில் தானே செய்துகொண்ட லேசான சீட்டு. அந்தக் குட்டி உடம்புக்குள் கனமான சீட்டு வைத்தால் கட்டுப்படியாகாது. இதுதான் உன் கேள்விக்கு முதல் முடிச்சு, நன்றாகப் பிடித்துக்கொள். மார்ட்டின்-பேக்கர் மார்க் 4 சீட்டை ஒருவன் ரெசினில் செய்தால் லைட்னிங், மிராஜ் 3, ஃபியட் ஜி.91 என்று எத்தனையோ கிட் வாங்குகிறவனுக்கு அதை விற்கலாம். உன் மிக்-21 விஷயமும் அதேதான். அதன் கே.எம்.-1 சீட்டு மிக்-23லும் உண்டு, மிக்-25லும் உண்டு. நாட்டின் சீட்டு நாட்டுக்கு மட்டும்தான். பிற்பாடு நாட்டை மேம்படுத்தி நாமே செய்த அஜீத் விமானத்தில்கூட மார்ட்டின்-பேக்கருக்கு மாறிவிட்டார்கள். ஒரு சீட்டு, ஒரு விமானம், அதற்கும் ஒரே ஒரு கிட். எந்த வியாபாரி வருவான்?

அளவெடுக்க எங்கே போவது? டெல்லி பாலத்தில் விமானப்படை மியூசியத்தில் ஒரு நாட் நிற்கிறது. கயிறு கட்டியிருப்பார்கள், எட்டித்தான் பார்க்கலாம். வாசலில் கம்பத்தின் மேல் நிறுத்தி வைத்திருக்கிற நாட்டுகளில் கண்ணாடிக்கு மேலேயே பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே புறா குடும்பம் நடத்தும். இப்போது எடுவார்டை எடுத்துக்கொள். 1989ல் செக் நாட்டில் ஆரம்பித்த கம்பெனி, முதலில் ஃபோட்டோ எட்ச் பண்ணிக்கொண்டிருந்தவர்கள், கிட் அப்புறம்தான். சாமான் செய்கிற ஏரெஸ், பாவ்லா, சி.எம்.கே. கம்பெனிகள் எல்லாமே செக். மிக்-21எஃப்-13ஐ அந்த நாட்டிலேயே ஏரோ தொழிற்சாலையில் லைசென்ஸ் வாங்கிக் கட்டினார்கள். ப்ராக்கில் இருக்கிற கெபெலி மியூசியத்தில் வரிசையாக நிற்கிறது. பஸ் பிடித்துப் போய் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். உலகத்தில் எந்த விமானத்துக்குச் சாமான் வருகிறது என்பதில் பாதி, அந்தச் சாமான் செய்கிறவன் வீட்டுப் பக்கத்தில் எந்த விமானம் நிற்கிறது என்பதுதான். போலந்துக்காரன் போலந்து விமானத்துக்குச் செய்வதும் அதனால்தான். பதினோராயிரத்துக்கு மேல் கட்டி, ஐம்பதுக்கு மேற்பட்ட தேசத்துக்காரன் "இது எங்க ஊர் விமானம்" என்று சொல்லிக்கொள்கிற மிக்கோடு போய் இதை ஒப்பிடாதே. ஒற்றை இருக்கை நாட்டை எங்க ஊர் விமானம் என்று சொல்கிறவன் நாமும் பின்லாந்துக்காரனும்தான். அவர்களிடம் இருந்ததே 13.

என் கதைக்கு வருகிறேன். ஸ்டைரீன் தகட்டில் மாஸ்டர் செய்ய ஏழு ஞாயிறு. அதன் மேல் ஆர்.டி.வி. (அறைச் சூட்டிலேயே இறுகுகிற) சிலிக்கான் ரப்பர் ஊற்றி மோல்டு. அந்த மோல்டில் பாலியூரித்தேன் ரெசின். இங்கேதான் மெட்ராஸ் என்னைப் பழிவாங்கியது. பாலியூரித்தேனுக்குத் தண்ணீர் ஆகாது, காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே கேஸ் விட்டுப் பொங்கும். ஐப்பசி மழையில் நான் ஊற்றின முதல் பதினைந்து சீட்டும் ரவா இட்லி மாதிரி இருந்தது. மார்கழியில் திரும்ப ஆரம்பித்தேன். ஒரு மோல்டு இருபத்தைந்து, முப்பது வார்ப்பு தாங்கும். அதற்குமேல் ஓரம் கிழிந்து, நுணுக்கம் மழுங்கிவிடும். அப்புறம் புது ரப்பர், புதுச் செலவு. கிட் கம்பெனியின் இரும்பு மோல்டு லட்சக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் துப்பும், நம்முடையது அப்படி இல்லை. அதனால்தான் ரெசின் சாமான் ஒரு தடவை வரும், தீர்ந்துவிடும், அடுத்த லாட் வருமா என்பது அந்த ஆளின் முதுகுவலியைப் பொறுத்தது. நீ பார்த்த "இருப்பு இல்லை"க்கு அர்த்தம் பல நேரம் "அவன் விட்டுவிட்டான்" என்பதுதான்.

செட்டு என்றால் சீட்டு ஒன்று, சக்கரம் மூன்று. மொத்தம் விற்றது பதினேழு. பின்லாந்துக்கு ஒன்பது, இங்கிலாந்துக்கு ஐந்து, இந்தியாவில் மூன்று. அந்த மூன்றில் ஒன்று என் மைத்துனன். அவன் இன்னும் காசு கொடுக்கவில்லை.

"இந்திய விமானத்துக்கு யாரும் எதுவும் செய்வதில்லை" என்று எனக்கு மெயில் போட்டவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். செய்த பிறகு அவர்களுக்கெல்லாம் எழுதினேன். "சார், சூப்பர். ஒரு போட்டோ அனுப்புங்க, பார்த்து நானே செஞ்சிக்கறேன்" என்று ஒருத்தர். "பழைய ஏர்ஃபிக்ஸுக்குப் பொருந்துமா" என்று நாலு பேர். இதில் கோபமில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கோபம் வேறொருவன் மேல். என் சீட்டை வாங்கி, அதன் மேலேயே ரப்பர் ஊற்றி, நகலெடுத்து விற்றான். எப்படித் தெரியும் என்கிறாயா? என் மாஸ்டரில் தலைக்குஷனுக்கு இடப்பக்கம் ஒரு குமிழிக் குழி இருந்தது, நான் பட்டி வைத்து அடைக்க மறந்துவிட்டேன். அவன் போட்ட படத்தில் அந்தக் குழி அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு மோல்டைத் தூக்கி அட்டத்தில் போட்டவன்தான்.

இன்னொன்று, காலம். கிட் புதிதாக வரும்போதுதான் இந்தச் சாமான் எல்லாம் ஓடும். பெரிய கம்பெனிகளுக்குக் கிட் கடைக்கு வருவதற்கு முன்பே டெஸ்ட் ஷாட் (சோதனை வார்ப்பு) கைக்கு வந்துவிடும், அளந்து தயாராக வைத்திருப்பார்கள். கிட் வந்த ஆறேழு மாதத்தில் வாங்குகிறவர்கள் வாங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் செய்தால் அலமாரியில் தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி விற்கிற மாதிரி. ஸ்பெஷல் ஹாபி மாதிரி குறைந்த எண்ணிக்கையில் அடிக்கிற கிட்டில் இது இன்னும் மோசம். கொஞ்சம் அடிப்பார்கள், தீரும், மறுபடி வர வருடங்கள் ஆகும். கிட்டே கையில் இல்லாதவனுக்கு நான் சீட்டை எப்படி விற்பது?

கிட் ரொம்ப மலிவாக இருந்தாலும் சாமான் வராது, தெரியுமோ? இருநூறு ரூபாய் கிட்டுக்கு ஆயிரம் ரூபாய் காக்பிட் போட மனசு வராது. கிட் ரொம்ப நன்றாக இருந்தாலும் சிலர் தொடமாட்டார்கள், டப்பாவிலேயே எல்லாம் இருக்கிறதே என்று. நடுவில் ஒரு இடம் இருக்கிறது: விலை உயர்ந்த கிட், பிரபலமான விமானம், காக்பிட் மட்டும் சுமார். அதுதான் ரெசின்காரனின் வயல்.

மேசைவிளக்கு சார் சொன்ன மாத்திரை அட்டை யோசனை நல்ல யோசனை. தங்கமே வைத்தாலும் தெரியாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். கட்டினவனுக்குத் தெரியும்.

*

மேசைவிளக்கு எழுதியது:

ரவா இட்லி வரியைப் படித்துவிட்டு ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிரஷர் பாட் (காற்றழுத்தம் ஏற்றுகிற பாத்திரம்) வைத்துப் பார்த்தீர்களா? குமிழி அமுங்கிவிடுமே.

*

அம்பத்தூர் அச்சு எழுதியது:

வைத்தேன். பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸர் தொட்டியில். அடுப்படிப் பக்கம் வைத்ததற்கு வீட்டில் விழுந்த திட்டு தனிக் கதை. குமிழி அமுங்கியது உண்மை.

*

ஜூரோங் ஜெட் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கும் இதே பிழைப்புதான். ஸ்கைஹாக் ஏ-4 போர் விமானத்துக்கு, அதிலும் ஹசேகாவா 1/48 கிட்டுக்கு, வாங்கிக் குவிக்கிற அளவு சாமான் உண்டு. ஆனால் இங்கே பறந்த டி.ஏ.-4எஸ் இரட்டை இருக்கையில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டு, ஒன்றின் பின்னால் ஒன்று முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உலகத்தில் வேறு யாரும் அப்படிப் பறக்கவில்லை. குவிந்து கிடக்கிற சாமானில் ஒன்றும் அதற்கு உதவாது. அண்ணன் சொன்ன "ஒரு சீட்டு, ஒரு விமானம்" கணக்கைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

*

எச்.ஏ.எல். காலனி எழுதியது:

அச்சு அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் கூட்டிக்கொள்கிறேன். சில நேரம் சாமான் இருக்கும், நாம் தப்பான பெயரில் தேடுவோம். இது நாட்டுக்குப் பொருந்தாது, ஆனால் சூலூர் நாளைக்கு ஹன்டர் போர் விமானம் கட்டுவார், அதற்காகச் சொல்கிறேன்.

என்னிடம் இட்டாலேரி 1/48 ஹன்டர் ஒன்று வருடக்கணக்கில் கிடந்தது. "இட்டாலேரி ஹன்டர் காக்பிட்" என்று தேடித் தேடி ஒன்றும் சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நண்பர் டப்பாவைத் திறந்து ஸ்ப்ரூவைப் பார்த்துவிட்டு, இது அகாடமி கம்பெனியின் பிளாஸ்டிக், டப்பா மட்டும்தான் இத்தாலி என்றார். அகாடமி என்று தேடினேன், ரெசின் கொட்டியது. டாமியா 1/72 வரிசையில்கூடச் சில டப்பாவுக்குள் இட்டாலேரி பிளாஸ்டிக் இருக்கிறது. எடுவார்டே ஹசேகாவா பிளாஸ்டிக்கை வாங்கி, தன் ஃபோட்டோ எட்சைச் சேர்த்துத் தன் டப்பாவில் விற்றிருக்கிறது. டப்பாவின் பெயரை நம்பாதீர்கள், பிளாஸ்டிக்கின் பூர்வீகத்தைப் பாருங்கள். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் ஒவ்வொரு கிட்டுக்கும் வம்சாவளி போட்டிருப்பார்கள்.

ஹன்டர் கதையின் மிச்சம்: 2018ல் ஏர்ஃபிக்ஸ் புது 1/48 ஹன்டர் விட்டது. நான் வாங்கி வைத்திருந்த அகாடமி ரெசின் காக்பிட்டை அதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இடித்தது, தேய்த்தால் சுவர் காகிதமாகும். ரெசின் செய்கிறவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆறு மாதம் உழைத்து ஒரு கிட்டுக்குச் செய்து வைத்திருப்பார்கள், பெரிய கம்பெனி ஒன்று புதுக் கிட்டை அறிவித்துவிட்டால் அன்றைக்கே பழைய கிட்டை வாங்குகிறவன் நின்றுவிடுவான். அறிவிப்பு வருமோ என்று காத்திருந்தே சில விமானங்களை யாரும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

*

ரிச்சி தெரு எழுதியது:

பேனலுக்கு மட்டும் நான் ஒரு வழி சொல்கிறேன். நான் பி.சி.பி. (எலக்ட்ரானிக் சர்க்கியூட் போர்டு) வேலை செய்கிறவன். ஃபோட்டோ எட்ச் என்பது எங்கள் வேலைதான், செப்புக்குப் பதில் பித்தளைத் தகடு. ஒளி பட்டால் இறுகுகிற பூச்சு, படம் அச்சடித்த ஃபிலிம், யு.வி. விளக்கு, ஃபெரிக் குளோரைடு. ஒரு தகடு வேண்டுமானால் வீட்டிலேயே முடியும். கோடு 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் என் கையில் நிற்கவில்லை, அரித்துத் தின்றுவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு பக்கமும் ஃபிலிம் வைத்து ஒரே நேரத்தில் அரிப்பார்கள், அந்தத் துல்லியம் வேறு. பாத்ரூமில் வைத்துச் செய்யாதீர்கள். டைல்ஸில் ஏறின மஞ்சள் கறை நாலு வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

*

சூலூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. அச்சு ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன் (எதற்காகக் கேட்டேன் என்பதை மட்டும் மறைத்துவிட்டேன்). பின்லாந்துக்காரன் ஒன்பது வாங்கினான் என்றதும், "பரவால்ல, குளிர்லயும் அவன் மறக்கல" என்றார். இந்தியாவில் மூன்று என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகமுங்க. இப்போதுதான் த்ரீ-டி பிரிண்டர் வந்துவிட்டதே. மோல்டும் வேண்டாம், ரவா இட்லியும் வேண்டாம். இனிமேலாவது இந்தக் கணக்கு மாறாதுங்களா?

*

அம்பத்தூர் அச்சு எழுதியது:

மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ரெசின் பிரிண்டரில் ஒன்று அடித்தாலும் ஒரே செலவு, நூறு அடித்தாலும் தலைக்கு அதே செலவு. மோல்டு கிழியாது. ஸ்டாக் வைத்துத் தூங்க வேண்டாம், ஒருத்தன் கேட்டால் ஒன்று அடித்துக் கொடுக்கலாம். க்விண்டா ஸ்டுடியோ பேனலை டிகால் மாதிரி மேடு பள்ளத்தோடு அச்சடித்து விற்பதைப் பார்த்திருப்பாய். பெரிய கம்பெனிகளே ரெசின் வார்ப்பை விட்டு பிரிண்டுக்குப் போகிறார்கள்.

மாறாதது ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் அந்தச் சீட்டை யாராவது உட்கார்ந்து வரைய வேண்டும். அதற்கு அளவு வேண்டும், அளவுக்கு விமானம் வேண்டும், அந்த ஏழு ஞாயிறு இப்போதும் ஏழு ஞாயிறுதான். மிக்-21ஐ வரைகிறவன் அதை ஆயிரம் பேருக்கு விற்பான். நாட்டை வரைகிறவன் பதினேழு பேருக்கு.

என் பையன் போன வருடம் ஒரு பிரிண்டர் வாங்கினான், அவன் பொம்மை அடிக்கத்தான். உன் கதையைப் படித்தபின் அட்டத்திலிருந்து பழைய மாஸ்டரை எடுத்துக் கொடுத்தேன். ஃபோனில் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தான், மொச்சைக்கொட்டை அளவு சாமானுக்கு அது எடுபடவில்லை, பிடித்து வைத்த சாணி மாதிரி வந்தது. சரியென்று நான் அளவு சொல்ல அவன் வரைந்தான். நாலு இரவு. இந்தத் தடவை அந்தக் குழி கிடையாது.

தனிச்செய்தியில் விலாசம் போடு. மூன்று சீட்டு அனுப்புகிறேன், ஒன்று உடைந்தால் ஒன்று இருக்கும். காசு வேண்டாம். அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுச் சொன்னால் போதும்: சீட்டின் பின்பக்கம், அது ஏறிப்போகிற தண்டவாளத்துக்குக் கீழே என்ன இருக்கும்? எந்தப் படத்திலும் அந்த இடம் தெரியவில்லை. நான் குத்துமதிப்பாகத்தான் செய்திருக்கிறேன்.

*

சூலூர்க்காரன் எழுதியது:

ஐயா, சீட்டு வந்து சேர்ந்துவிட்டதுங்க. பஞ்சு வைத்து மாத்திரை டப்பாவில் அனுப்பியிருந்தீர்கள், ஒன்றும் உடையவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன், சாப்பிடும்போது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "சீட்டு என் டிரேடு இல்ல, அதுக்குத் தனி ஆளுங்க. அவங்க இருக்கும்போது நாங்க கிட்டயே போகக்கூடாது" என்றார். அதனால் தண்டவாளத்துக்குக் கீழே என்ன என்பது இன்னும் தெரியாதுங்க, மன்னிக்கணும்.

ஆனால் அடுத்த நாள் காலையில் என் மேசைக்கு வந்து நின்றார். உளவு பார்த்திருப்பார் போல, எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் திறந்த மாதிரி டேப் போட்டு வைத்திருந்தேன். "எந்த லைன்ல நீ இப்படித் தெறந்து போட்டுப் பாத்தே? பறக்கலன்னா கவர் போடணும்டா. கலைக்குண்டா வெயில்ல தெறந்து வெச்சா பைலட் உக்காரவே முடியாது" என்றார். காக்பிட் முழுக்க மூடுகிற கான்வாஸ் கவராம், கீழே கயிறு கட்டுவார்களாம். கயிறு எங்கெங்கே வரும் என்று பென்சிலால் கிட் பேப்பரிலேயே வரைந்து கொடுத்தார்.

மூன்று மாதமாகக் காக்பிட்டுக்கு அலைந்தேன், கடைசியில் காக்பிட்டுக்கு மூடி.

சீட்டை உள்ளே வைத்துவிட்டேன். பெல்ட் மாத்திரை அட்டைதான். கவரை டிஷ்யூ பேப்பரில் ஃபெவிகால் தண்ணீர் நனைத்துச் செய்தேன், காய்ந்ததும் கழன்று வருகிறது, ஒட்டவில்லை. இன்றைக்கு மத்தியானம் தூங்கி எழுந்து வந்தவர் அதைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மேசைவிளக்கு எழுதியது:

ஃபெவிகாலுக்கு எவ்வளவு தண்ணீர்?

*

சூலூர்க்காரன் எழுதியது:

ஒன்றுக்கு மூன்றுங்க. இரண்டு போட்டால் மடிப்பு விழாமல் விறைத்துக்கொள்கிறது.